மட்டோனியா: மலைப்பெரணியின் வகைப்பாடும் மரபணுச் சான்றும்
மட்டோனியா பெக்டினேட்டா மலாயாத் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் காற்று மோதும் மலைமுகடுகளில் வளரும் பெரணியாகும். வளருமிடத்தில் அது அடர்ந்து நிற்பினும் அத்தகைய இடங்கள் சிலவே ஆதலால் அரியதாகக் கொள்ளப்படுகிறது. மட்டோனியேசி குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பவை நான்கு இனங்களே: மட்டோனியாவில் இரண்டு, சரவாக்கின் சுண்ணாம்புப் பாறைகளிலும் நியூ கினியிலும் வாழும் ஃபனெரோசோரஸில் இரண்டு.

மலாக்காவின் ரெசிடென்டாக இருந்த வில்லியம் ஃபார்குவாரின் காலத்தில் குனோங் லேடாங்கிலிருந்து, அதாவது அன்று ஓஃபிர் எனப்பட்ட மலையிலிருந்து, கிடைத்த இப்பெரணியைத் தாவரவியலாளர் வாலிக்கின் நூலில் ராபர்ட் பிரவுன் 1829இல் விவரித்து, மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் மேட்டன் நினைவாகப் பெயரிட்டார். நீண்ட காம்பின் நுனியில் விசிறியாகப் பிரியும் இலையின் சிற்றிலைகள் சீப்புப் பற்களைப்போல் வெட்டுண்டவை. அடிப்பக்கத்தில் வித்தகங்கள் சிறு கொத்துகளாகக் கூடி, குடை வடிவ மூடுசவ்வினுள் அமைகின்றன. ஏ. சி. சீவர்ட் 1899இல் தண்டை வெட்டி ஆராய்ந்து, நீரையும் உணவையும் கடத்தும் திசு ஒன்றனுள் ஒன்றாக வளையங்களாய் அமைந்திருப்பதை விரிவாக விளக்கியதோடு, யார்க்சயரின் ஜுராசிக் பாறைகளில் கிடைக்கும் மட்டோனிடியம் போன்ற புதைபடிவங்களையும் இதனுடன் ஒப்பிட்டார். பின்னர் எஃப். ஓ. பவர் இதனைக் கிளைக்கீனியா, டிப்டெரிஸ் ஆகிய இரு பெரணிப் பேரினங்களுக்கும் இடைப்பட்டதாகக் கருதினார். மூடுசவ்வு டிப்டெரிஸில் இல்லை, வித்தகங்களின் எண்ணிக்கையும் வேறு என்பதால் வடிவத்தை மட்டும் நம்பியோர் நெருங்கிய உறவு எது என்பதில் தயங்கினர்.

அத்தயக்கத்தை மரபணு தீர்த்தது. ஒளிச்சேர்க்கைக்குரிய ரூபிஸ்கோ நொதியின் பெரிய துணையலகை உருவாக்கும் ஆர்பிசிஎல் எனும் பசுங்கணிக மரபணு, மெல்ல மாறுவதாலும் எல்லாப் பெரணிகளிலும் இருப்பதாலும், பண்டைய கிளைப்பிரிவுகளை ஒப்பிட ஏற்றது. காத்தோ, செத்தோகுச்சி இருவரும் 1998இல் அதன் எழுத்து வரிசையைக் கொண்டு இக்குடும்பத்தின் உறவுகளை ஆராய்ந்தனர். அதன்பின் பல மரபணுக்களைச் சேர்த்து வரைந்த மரங்களில் டிப்டெரிஸ் அடங்கிய டிப்டெரிடேசியே இதன் மிக நெருங்கிய குடும்பமாக அமைந்தது. 2016ஆம் ஆண்டின் பெரணி வகைப்பாடு இவ்விரண்டையும் கிளைக்கீனியேசியுடன் சேர்த்து கிளைக்கீனியேல்ஸ் வரிசையில் வைத்துள்ளது. கேரி தீவு போன்ற கரையோரத் தோட்டங்களில் செம்பனைத் தண்டைப் பற்றிப் படரும் நெப்ரோலெப்பிஸும், சதுப்புநிலத்து அக்ரோஸ்டிகமும் பாலிபோடியேல்ஸ் எனும் வேறு வரிசையைச் சார்ந்தவை. அவற்றின் மூதாதையரிடமிருந்து மட்டோனியாவின் கிளை மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டது. எனினும் கற்களில் பதிந்த முன்னோர்களிடம் மரபணு எஞ்சவில்லை; ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்த குடும்பத்தின் மரம் இன்று வாழும் நான்கு இனங்களின் மேல் நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

கெப்போங்கிலுள்ள மலேசிய வனவியல் ஆய்வுக்கழகம் தீபகற்பப் பெரணிகளைப் பற்றிய தொகுதிகளை 2010 முதல் வெளியிட்டு வருகிறது; ஆனால் மட்டோனியா வளரும் முகடுகளுள் ஒன்றான, கெந்திங் அருகே 1,772 மீட்டர் உயரமுள்ள உலு காலியின் மலைக்காடுகள் சாலைகளாலும் கட்டடங்களாலும் சுருங்கியுள்ளன.