கான்ராட் வைசர்

யோஹான் கான்ராட் வைசர் (2 நவம்பர் 1696 – 13 ஜூலை 1760) ஜெர்மனியிலிருந்து சிறுவனாக அமெரிக்கா சென்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கால பென்சில்வேனியாவில் உழுது வாழ்ந்த குடியேறி. அந்தக் காலனி அரசுக்கும் இரொகுவாய் கூட்டமைப்பைச் சேர்ந்த ஆறு பழங்குடி நாடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் துபாஷியாகவும் இருந்தார். நிலத்துக்காக அலைந்த குடும்பத்தில் வளர்ந்தவர், பிறர் நிலம் கைமாறிய பேச்சுவார்த்தைகளில் முக்கியப் பங்கு வகித்தார். அவர் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வைசர் பிறந்தது வுர்ட்டம்பர்க் சிற்றரசில், ஹெரன்பெர்க் அருகே உள்ள ஆஃப்ஸ்டெட் கிராமத்தில். போராலும் வரியாலும் ஒடிந்திருந்த உழவர்களை 1709ஆம் ஆண்டின் கொடும்பனி முற்றாக முறித்தது. திராட்சைக் கொடிகள்கூடக் கருகிப் போயின. அதே ஆண்டு தாய் இறந்தார். அமெரிக்காவில் அரசி ஆன் இலவசமாக நிலம் தருகிறார் என்ற பேச்சை நம்பி ஆயிரக்கணக்கானோர் ரைன் ஆற்றின் வழியே கிளம்பினர். வைசரின் தந்தையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் சேர்ந்தார். 1710இல் இவர்களில் சுமார் 3,000 பேரை நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார்கள். காய்ச்சலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அங்கே காத்திருந்தது இலவச நிலமல்ல, கடன். பயணச் செலவை அடைக்க, ஹட்சன் ஆற்றங்கரையில் பைன் மரங்களிலிருந்து கடற்படைக்குத் தார் எடுத்துத் தர வேண்டியிருந்தது. தார் கிடைக்கவில்லை. 1712இல் ஆளுநர் ராபர்ட் ஹண்டரின் கையிருப்பு தீர்ந்துபோக, அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்துக்கொள்ளும்படி ஆனது. பலர், ஆறு நாடுகளில் ஒன்றான மோஹாக் மக்களின் பகுதியான ஸ்கோஹாரி பள்ளத்தாக்குக்குப் போனார்கள்.

பதினாறு வயது வைசரை, மொழி கற்றுவரும்படி தந்தை மோஹாக் குடியிருப்பு ஒன்றுக்கு அனுப்பியது அந்தக் குளிர்காலத்தில்தான். சுமார் எட்டு மாதம் அங்கே இருந்தார். குளிர் தாங்காத மெல்லிய உடை, பசி, மது அருந்தியவர்களிடம் சிக்காமல் ஒளிந்து கழித்த நேரங்கள் எல்லாவற்றையும் பின்னாளில் ஜெர்மன் மொழியில் எழுதிவைத்தார். ஊர் திரும்பியதும் அண்டை அயலாருக்கு அவரே மொழிபெயர்ப்பாளர் ஆனார். பின்னாளில் அவர் பெற்ற பதவிகளுக்கெல்லாம் இந்த எட்டு மாதப் பட்டினிதான் முதல்.

1720இல் அன்னா ஈவ் ஃபெக்கை மணந்தார். ஸ்கோஹாரி நிலத்துக்கும் பட்டா நிலைக்கவில்லை. அரசு அதை வேறு சிலருக்கு எழுதிக் கொடுத்திருந்தது. 1729இல் வைசர் பென்சில்வேனியாவின் டல்பெஹாக்கன் பகுதிக்குக் குடிபெயர்ந்து, உழவும் தோல் பதனிடும் தொழிலும் நடத்தினார். அவருக்கு முன்பே அங்கே ஜெர்மானியர்கள் குடியேறியிருந்தார்கள். தங்களிடம் விலைக்கு வாங்காத மண்ணில் இவர்கள் உழுகிறார்கள் என்று, அந்தப் பகுதியின் பழங்குடியினரான லெனாப்பே மக்களின் தலைவர் சசூனன் 1728இலேயே பிலடெல்பியாவில் முறையிட்டிருந்தார். அந்த நிலம் முறைப்படி வாங்கப்பட்டது 1732இல்.

ஆறு நாடுகளில் ஒன்றான ஒனைடாவின் தலைவர் ஷிகெல்லமியின் நட்பால் 1731 முதல் வைசர் அரசுப் பணிக்கு வந்தார். இரொகுவாய் சபையில் மொழி தெரிந்தால் மட்டும் போதாது. முதலில் இறந்தவர்களுக்காகத் துக்கம் கேட்க வேண்டும். எதிரில் இருப்பவரின் கண்ணீரைத் துடைத்து, தொண்டை அடைப்பை நீக்குவதாகச் சொல்லும் சடங்கு முடிந்த பிறகே காரியப் பேச்சு. சொல்லும் ஒவ்வொரு செய்திக்கும் வாம்பம் கொடுக்க வேண்டும். கடற்சிப்பியிலிருந்து செதுக்கிய வெள்ளை, ஊதா மணிகளைக் கோத்த சரம் அல்லது பட்டை அது. கேட்டவர் அன்றைக்கே பதில் சொல்வது மரியாதையல்ல. பதில் சொல்லும்போது முன்பு கேட்டதை முழுவதும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த நிதானத்தை வெள்ளை அதிகாரிகளுக்குப் பழக்கியதே வைசரின் பெரும்பணி.

1737ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இரொகுவாய் தலைமையிடமான ஒனொண்டாகாவுக்குப் பனி வழியே நடந்தார். உணவு தீர்ந்து உடல் ஓய்ந்ததும், இங்கேயே சாவோம் என்று வழியை விட்டு விலகி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். முன்னே போயிருந்த ஷிகெல்லமி திரும்பி வந்து, பேசித் தேற்றி எழுப்பினார். தன் பயண நாட்குறிப்பில் வைசரே இதைப் பதிவு செய்திருக்கிறார். 1744இல் லங்காஸ்டரில் நடந்த பேச்சுவார்த்தையில், காலனிகள் ஒன்றுபட வேண்டும் என்று ஒனொண்டாகா தலைவர் கனசடேகோ கூறிய அறிவுரையை மொழிபெயர்த்தவரும் இவரே. அந்த ஒப்பந்த நூலை அச்சிட்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

அவர் செயல்களில் மன்னிக்கக் கடினமானது 1736இல் நடந்தது. காலனி அரசுடன் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் வைசரின் வீட்டில் தங்கிய இரொகுவாய் தலைவர்கள், டெலவேர் ஆற்றுப் பகுதி நிலத்தின் மீதான உரிமையை விட்டுத்தரும் பத்திரத்தில் அடையாளமிட்டார்கள். அங்கே வாழ்ந்துவந்த லெனாப்பே மக்களை யாரும் கேட்கவில்லை. 1742இல் அவர்களை வெளியேறச் சொல்லிக் கனசடேகோ கடிந்துகொண்ட சொற்களையும் வைசரே மொழிபெயர்த்தார். பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நடந்த போரில் 1755இல் எல்லைக் கிராமங்கள் எரிந்தபோது, லெனாப்பே வீரர்கள் பலர் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்றார்கள். சொந்த ஜெர்மன் அயலாரோ, பழங்குடிகளுக்கு உதவும் துரோகி என்று வைசரைச் சூழ்ந்து மிரட்டினார்கள். 1756இல் அவர் லெப்டினன்ட் கர்னலாகக் கோட்டைகளின் பாதுகாப்பை ஏற்றார்.

லூத்தரன் சபையில் பிறந்த வைசர், 1735 வாக்கில் எஃப்ரட்டா துறவு மடத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகினார். 1745இல் மகள் அன்னா மரியாவை ஹென்ரி மெல்கியோர் மூலன்பெர்க் மணந்தார். தரங்கம்பாடிக்குப் பாதிரிமார்களை அனுப்பிய அதே ஹாலே நிறுவனத்தார் பென்சில்வேனியாவுக்கு அனுப்பிய போதகர் இவர். இவர்களின் மகன் பிரடெரிக், 1789இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகரானார்.

வைசருக்குப் பிறந்த 14 பிள்ளைகளில் ஏழு பேர் வளர்ந்து ஆளானார்கள். வோமல்ஸ்டார்ஃப் அருகே அவர் உழுத பண்ணை இன்று அருங்காட்சியகம். அவர் கல்லறையும் அந்த நிலத்திலேயே இருக்கிறது.