திருத்தணிக்காரர் ஆசிரியர் ஆனது எப்படி?

செப்டம்பர் 5 வந்துவிட்டால் பள்ளி மேடைகளில் ஒரு வாசகம் தவறாமல் ஒலிக்கும்: "டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆசிரியராகவே பிறந்தவர்." திருத்தணி, ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் பெருமை, நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே! ஆனால் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1888ல் திருத்தணியில் பிறந்தார். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். (1953ல் ஆந்திராவோடு போய், 1960ல்தான் இந்தப் பகுதி திரும்பி வந்தது. அது தனிக் கதை.) குடும்பத்தில் வசதி குறைவு. உதவித்தொகையில் படிப்பு. திருப்பதி, வேலூர் என்று மிஷன் பள்ளி, கல்லூரிகளில் படித்துவிட்டு, 1904ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். எந்தப் பாடம் எடுப்பது? உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. தத்துவம் முடிவானது அப்படித்தான். பழைய புத்தகம் இயற்பியலாக இருந்திருந்தால்?

புத்தகம் தற்செயல் என்றாலும், பின்னால் வந்த வேகம் தற்செயல் அல்ல. கிறிஸ்தவ விமர்சகர்கள் இந்து சமயத்தைக் குறை கூறியது தன்னை உறுத்தியதாகவும், அதனாலேயே அதை ஆழ்ந்து படிக்கத் தொடங்கியதாகவும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தான் யார் என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. எம்.ஏ. படிப்புக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றி எழுதிய ஆய்வு 1908ல் நூலாக வந்தது.

1909ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை. ஆசிரியர் பயிற்சிக்குப் போனதோ வேலையில் சேர்ந்த பிறகு! 1918ல் மைசூர், 1921ல் கல்கத்தா, 1936ல் ஆக்ஸ்ஃபோர்டு. தன்னை ஓர் ஆசிரியராக அவர் உணர்ந்தது வகுப்பறைக்குள் நுழைந்த பிறகுதான் என்று கொள்வதே பொருத்தம்.

இன்றும் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளில், "டீச்சர் வேலைன்னா கௌரவம், பொம்பளைப் பிள்ளைக்கு ஏத்தது" என்று பெரியவர்கள் சொல்லித்தான் பலர் பி.எட். சேருகிறார்கள். தனக்குப் பிடிக்குமா என்பது கடைசிக் கேள்வி. அதற்குள் தகுதித் தேர்வு குறுக்கே நிற்கிறது. 2012ல் தமிழ்நாட்டில் முதன்முதலாக அது நடந்தபோது எழுதியவர்களில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. "ஆசிரியராகவே பிறந்தவர்" என்ற மேடை வாசகத்தைக் கேட்டு, தனக்கு அந்தப் பிறவி வாய்க்கவில்லையோ என்று மருகும் பிள்ளைக்கு, அந்தப் பழைய புத்தகங்களின் கதையை யாரும் சொல்வதில்லை.