பதின்வயதினர் வாகனம் ஓட்டப் பழகுதல்: சேத்துப்பட்டு வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

சேத்துப்பட்டு திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. ஆரணி, செஞ்சி, போளூர், வந்தவாசி ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் இங்குக் கூடுகின்றன. சென்னை மாநகரின் ஒரு பகுதியான சேத்துப்பட்டு வேறு. இது ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்தது. பாவும் ஊடையும் சரிகையும் தறி வீட்டுக்கு வருவதும், நெய்து முடித்த சேலை வியாபாரியிடம் போய்ச் சேருவதும் இங்கு அன்றாடப் பயணங்கள். முன்பு மிதிவண்டியில் நடந்த இப்பயணங்கள் இன்று பெரும்பாலும் இருசக்கர மோட்டார் வாகனங்களில் நடக்கின்றன. அதனால் வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது பொழுதுபோக்கு மட்டுமன்று. குடும்பத் தொழிலோடும் தொடர்புடைய செயல். அந்தக் கற்றல் எப்படி மாறி வந்தது, சட்டம் அதை எங்கே அனுமதிக்கிறது, எங்கே தடுக்கிறது, முதல் பாடங்களில் கற்பவர் எதை எதிர்பார்க்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மிதிவண்டிக் காலம்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பல தலைமுறைகளுக்கு முதல் ஓட்டுநர் பயிற்சி மிதிவண்டியில்தான் நடந்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் ஊர்தோறும் இருந்தன. இருக்கை எட்டாத சிறுவர்கள் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து மிதித்தனர். இதற்குக் 'குரங்குப் பெடல்' என்று பெயர். தேர் நிற்கும் வீதி, பள்ளி மைதானம், நீர் வற்றிய ஏரி ஆகியவை பயிற்சிக் களங்களாயின. சமநிலை, திருப்பம், பிரேக்கை அளவாகப் பிடித்தல் ஆகிய மூன்றும் இங்கேயே கைவந்துவிடும். பின்னாளில் மோட்டார் வாகனத்துக்கு மாறுவோர் இத்திறன்களைத் தம்மோடு எடுத்துச் சென்றனர்.

இக்கற்றல் நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு உரியதாகவே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தபோது, ஆயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பின்னர்த் தமிழ்நாடு அரசு பள்ளி மாணவியருக்கும் மாணவருக்கும் விலையில்லா மிதிவண்டி வழங்கியது. இன்று ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களில் பலருக்கு அந்த மிதிவண்டியே முதல் வாகனம்.

முதல் கார்களும் கிளீனர் படிப்பும்

சென்னையில் மோட்டார் வாகனங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோன்றின. சென்னை சிம்ப்சன் நிறுவனம் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கியது. கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் அந்நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியராகக் குறிப்பிடப்படுகிறார். அக்காலத்தில் கார் வைத்திருந்தவர்களில் பலர் தாமே ஓட்டவில்லை. சம்பளத்துக்கு ஓட்டுநரை அமர்த்திக்கொண்டனர்.

அந்த ஓட்டுநர்கள் எங்கே கற்றனர்? ஐரோப்பாவில் அப்போதே பயிற்சிப் பள்ளிகள் தோன்றத் தொடங்கியிருந்தன. ஜெர்மனியின் அஷாஃபன்பர்க் நகரில் 1904இல் ஒரு பள்ளியும், லண்டனில் 1910இல் ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டன. தமிழகத்திலோ பேருந்தும் லாரியும்தான் பள்ளிக்கூடம். பதின்வயதில் கிளீனராகச் சேரும் பையன் முதலில் வண்டியைக் கழுவித் துடைப்பான். சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். முன்புறக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிப்பான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் கரிவாயுவில் ஓடியபோது, அடுப்பை மூட்டிக் காற்று ஊதும் வேலையும் அவனுடையதே. பிறகு ஷெட்டுக்குள் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்த விடுவார்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் சாலையில் சிறிது தூரம் தருவார்கள். ஆண்டுகள் கழித்தே உரிமம் கிடைக்கும்.

இம்முறையில் ஒரு நன்மை இருந்தது: ஓட்டுநர் ஆவதற்கு முன்பே வண்டியின் ஒவ்வொரு பாகமும் தெரிந்துவிடும். குறையும் இருந்தது. சாலை விதிகளை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. மூத்த ஓட்டுநரின் நல்ல பழக்கங்களோடு அவருடைய தவறான பழக்கங்களும் அப்படியே இளையவரிடம் இறங்கின.

சட்டம் வகுத்த வயது

பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் கார் ஓட்டக் குறைந்தபட்ச வயதை 17 என்றும், மோட்டார் சைக்கிளுக்கு 14 என்றும் வைத்தது. ஆனால் அங்கே ஓட்டுநர் தேர்வு 1935இல்தான் கட்டாயமானது. அதாவது முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஓட்டத் தெரியுமா என்று சோதிக்காமலேயே உரிமம் வழங்கப்பட்டது.

இந்தியாவில் 1914ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டமும் பொது இடத்தில் வாகனம் ஓட்டுவதற்கு 18 வயதை எல்லையாக வைத்தன. போக்குவரத்து வாகனங்களுக்கு 20 வயது தேவைப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் செயல்பட்டு வருகிறது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்தது. புதிய மாவட்டத்துக்குப் புதிய முறைப்படி டி.என். 25 என்ற பதிவு எண் வரிசை கிடைத்தது.

1988ஆம் ஆண்டுச் சட்டம் 16 வயது நிரம்பியவர்களுக்கு ஒரு சிறிய வாசலைத் திறந்தது: கியர் இல்லாத மோட்டார் சைக்கிளை அவர்கள் ஓட்டலாம். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலை மேலும் குறுக்கி, எஞ்சின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மிகாத வண்டி என்று வரையறுத்தது. 18 வயதுக்குட்பட்டவர் பழகுநர் உரிமம் பெறப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்து மூலமான ஒப்புதலும் வேண்டும்.

மொபெட்டும் தறியும்

இந்த 50 சி.சி. என்ற அளவு தமிழ்நாட்டுக்கு நன்கு அறிமுகமானது. ஓசூர் ஆலையிலிருந்து 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் இருவர் செல்லத்தக்கது, விலை குறைந்தது, கியர் மாற்றும் தொல்லை இல்லாதது. பால்காரர், காய்கறி வியாபாரி, நெசவாளர் எனப் பலரும் அதை வாங்கினர். முன்பக்கம் மூட்டை வைக்க இடம் இருந்ததால் நூலும் பாவும் ஏற்றிச் செல்ல வசதியாயிற்று. எடை குறைவு என்பதால் மிதிவண்டி தெரிந்த எவரும் அரை நாளில் ஓட்டப் பழகினர்.

அந்த எளிமையே ஒரு பழக்கத்தையும் உண்டாக்கியது. "மொபெட்தானே" என்று உரிமம் இல்லாத பிள்ளைகளிடம் சாவியைக் கொடுப்பது பல ஊர்களில் இயல்பாயிற்று. கடைக்குப் போய் வருவது, தறிக்கு நூல் எடுத்து வருவது, தங்கையைப் பள்ளியில் விடுவது என்று வேலைகள் பிள்ளைகளின் கைக்கு வந்தன.

பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையே

காலப்போக்கில் வண்டிகளின் ஆற்றல் கூடியது. அதே மொபெட் வரிசையில் 70 சி.சி. அளவிலும், பின்னர் 100 சி.சி. அளவிலும் புதிய வண்டிகள் வந்தன. கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. 50 சி.சி. பெட்ரோல் வண்டிகள் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. சட்டத்தில் 16 வயதினருக்கான வாசல் இன்றும் இருக்கிறது. அதில் நுழைய ஏற்ற வண்டிதான் இல்லை.

தோற்றத்தில் பழைய மொபெட்டைப் போலவே இருக்கும் 100 சி.சி. வண்டியைப் பதினாறு வயதுப் பிள்ளை ஓட்டினால் அது சட்டப்படி உரிமமின்றி ஓட்டுவதே. மின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின்சார வண்டிகள் உரிய சான்று பெற்றிருந்தால் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அவற்றுக்கு உரிமம் தேவையில்லை. இதைவிட ஆற்றல் மிகுந்த மின்சார ஸ்கூட்டர்களுக்கு இவ்விலக்கு இல்லை. வாங்கும்போது இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த இடைவெளியின் விளைவைக் கடுமையாக்கியது. 18 வயது நிரம்பாதவர் உரிமமின்றி வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. விபத்தில் மற்றொருவர் பாதிக்கப்பட்டால், காப்பீட்டு நிறுவனம் அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அத்தொகையை வாகன உரிமையாளரிடம் வசூலிக்கவும் இடமுண்டு. ஒரு தறியின் வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு இது பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும்.

பழகுநர் உரிமமும் முதல் பாடங்களும்

பேச்சு வழக்கில் 'எல்.எல்.ஆர்.' எனப்படும் பழகுநர் உரிமமே முதல் படி. சாலைக் குறியீடுகள், சைகைகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவை, ஆளில்லா ரயில்வே கடவையைக் கடக்கும் முறை, உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் கேட்கப்படும். உரிமம் ஆறு மாதம் செல்லும்.

பழகும் காலத்துக்கு விதிகள் உண்டு. உரிமம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து தெரிய வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. இருசக்கர வாகனத்தில் பழகுபவர் பயிற்றுநரைத் தவிர வேறு எவரையும் ஏற்றக் கூடாது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் பயிற்றுநரின் காலடியிலும் பிரேக்கும் கிளட்சும் இருக்கும். சொந்த உபயோகக் கார் ஓட்டக் கற்பவருக்குப் பயிற்சி 21 நாட்களுக்குக் குறையாமலும், உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி.

அந்தப் பத்து மணி நேரம் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கிறது. முதல் நாள் வண்டி அதிகம் ஓடாது. இருக்கையைச் சரிசெய்தல், கண்ணாடிகளைத் திருப்பி வைத்தல், இருக்கைப் பட்டை, மூன்று மிதிகளின் வேலை ஆகியவற்றோடு பாடம் தொடங்கும். அடுத்துக் கிளட்சை மெல்ல விட்டு வண்டியை நகர்த்துதல். இங்கே எஞ்சின் பலமுறை அணைந்துபோகும், வண்டி குலுங்கும். இது எல்லாருக்கும் நிகழ்வது. குழித்தறியில் கால்மிதியும் கையும் ஒன்றுசேர நாளாவது போலவே, கிளட்சும் ஆக்சிலரேட்டரும் ஒத்துப்போகச் சில நாட்கள் பிடிக்கும். இரண்டாம் கட்டத்தில் கியர் மாற்றமும் திருப்பங்களும் வரும். புதியவரின் பார்வை வண்டியின் முனையிலேயே நிற்கும். தொலைவில் பார்க்கப் பழகினால்தான் வண்டி நேராகப் போகும். கடைசிக் கட்டத்தில் பேருந்து, டிராக்டர், மாடு, எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம் என எல்லாம் கலந்த கடைத்தெருவில் ஓட்ட வேண்டியிருக்கும்.

உடன் அமரும் பெற்றோருக்கும் இது ஒரு பயிற்சியே. திடீரென்று கத்தினால் கற்பவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்துவிடக் கூடும். "அடுத்த தெருவில் இடப்பக்கம் திரும்பு" என்று முன்கூட்டியே தாழ்ந்த குரலில் சொல்வது பயன் தரும். ஒரு பாடம் அரை மணி முதல் முக்கால் மணி வரை இருந்தால் போதும்; களைத்த பிறகு கற்பது நிற்காது.

தேர்வு

பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் தேர்வு நடக்கும். இருசக்கர வாகனத்தில் கால் ஊன்றாமல் 'எட்டு போடுதல்' அனைவரும் அறிந்த சோதனை. காரில் ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுத்தல், பின்னோக்கிச் செலுத்துதல், கண்ணாடி பார்த்துத் திரும்புதல், சைகை காட்டுதல் ஆகியவை கவனிக்கப்படும். தவறியவர் ஏழு நாட்கள் கழித்து மீண்டும் வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

தனியே ஓட்டும் முதல் மாதங்கள்

பயிற்றுநர் அருகில் இருக்கும் காலத்தைவிட, உரிமம் பெற்றுத் தனியே ஓட்டத் தொடங்கும் முதல் மாதங்களே இளம் ஓட்டுநருக்கு ஆபத்து மிகுந்தவை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இரவு நேரமும் சமவயது நண்பர்கள் உடன் இருப்பதும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. இதனால் நியூசிலாந்து 1987இல் படிப்படியாக உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் இரவு ஓட்டத்துக்கும் பயணிகளை ஏற்றுவதற்கும் கட்டுப்பாடு விதித்தது. பின்னர் வேறு பல நாடுகளும் இதைப் பின்பற்றின. இந்தியாவில் அத்தகைய இடைநிலை உரிமம் இல்லை. எட்டு போட்டு உரிமம் பெற்றவர் அன்றிரவே நெடுஞ்சாலையில் பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லச் சட்டம் தடை சொல்வதில்லை.

2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவ்வாண்டில் மிக அதிக விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்தே என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே சட்டம் விட்டுவைத்த இடத்தை வீடுதான் நிரப்ப வேண்டியுள்ளது. முதல் ஆறு மாதம் இரவில் வண்டி இல்லை, பின்னால் நண்பர் இல்லை, தலைக்கவசம் இல்லாமல் சாவி இல்லை என்ற மூன்று ஒழுங்குகள் பணம் செலவில்லாதவை. பழைய கிளீனர் முறையில் ஒரு பையன் ஸ்டீயரிங்கைத் தொட ஆண்டுக்கணக்கில் காத்திருந்தான். இன்று அந்தக் காத்திருப்பு 30 நாட்களாகச் சுருங்கிவிட்டது. வண்டிகளோ அன்றைவிடப் பல மடங்கு வேகமானவை.