முன்னோர் கதையும் கோயிற் கல்லும்

மதுரைத் திருநகரில், அங்கயற்கண்ணி அம்மை திருக்கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே அமைந்துள்ளது புதுமண்டபம். திருமலை நாயக்கர் (1623-1659) வசந்த விழாவிற்கென எடுப்பித்த இம்மண்டபத்தின் தூண்களில், விசுவநாத நாயக்கர் முதல் திருமலை மன்னர் ஈறாகப் பதின்மர் கைகூப்பி நிற்கின்றனர். முடிதரித்த தம் குலத்தவரை அடியாராகவே உலகம் அறிதல் வேண்டும் என்று அம்மன்னர் திருவுளங் கொண்டார் போலும்.

கல் உருவத்தைக் காக்கும். கதையைக் காப்பன நாவும் ஏடுமே. நாகம நாயக்கர் பேரரசின் ஆணையை மீறி மதுரையைத் தமதாக்கிக்கொண்டார் என்றும், அவர்தம் மைந்தராகிய விசுவநாதரே தந்தையைச் சிறைப்படுத்திப் பேரரசர்முன் நிறுத்தினார் என்றும் ஏடுகள் கூறும். பாசம் பெரிதோ கடமை பெரிதோ என்று கேட்போர் உள்ளத்தை உருக்கும் கதை இது. ஆயினும் இவ்வேடுகள் காலத்தாற் பிற்பட்டவை. 1924-ஆம் ஆண்டில் மதுரை நாயக்கர் வரலாற்றை நூலாக வெளியிட்ட இரா. சத்தியநாத ஐயர், இவற்றைக் கல்வெட்டுகளோடும் பாதிரிமார் கடிதங்களோடும் ஒப்புநோக்கியே ஆராய்ந்தார்.

மதுரையைச் சூழ்ந்த நாட்டுப்புறத்துப் பாளையக்காரர் குடிகளும் தத்தம் வம்சாவளிகளை எழுதி வைத்தன. நில அளவைத் தலைவராக விளங்கிய காலின் மெக்கன்சி (மறைவு 1821) தொகுத்த சுவடிகளில் இத்தகையன பல உள்ளன. அத்தொகுப்பின் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இடம்பெற்றது. முன்னோன் ஒருவன் ஊர்விட்டு ஊர் வருதல், வீரச்செயல் புரிந்து அரசனிடம் பட்டமும் பரிசும் பெறுதல், காடு திருத்தி ஊர் அமைத்தல், குலதெய்வத்திற்குக் கோயில் எடுத்தல் ஆகியன அவற்றில் மீண்டும் மீண்டும் வரும். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்தபின், தம் உரிமையைக் கும்பினியார்முன் நிலைநாட்ட வேண்டிய நெருக்கடியும் அக்குடிகளுக்கு இருந்தது. ஆதலால் பெருமை சற்று மிகுந்தும் இருக்கலாம். எனினும், எதனைப் பெருமையென அவர்கள் மதித்தனர் என்பதை அவை ஐயமின்றி உணர்த்துகின்றன. ஊரும் கோயிலும் இன்றிக் குலப்பெருமை இல்லை என்பதே அது.

மீனாட்சியம்மை கோயிலுக்கு இன்னார் இன்ன பணி செய்தார் என்பதைத் தொகுத்துரைக்கும் 'திருப்பணி மாலை' என்னும் செய்யுள் நூலும் உண்டு. மண்டபம் எடுத்தோர் பெயர் இன்றும் வழங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

தம் குடியின் கதையை எழுதப் புகும் அன்பர்கள், பாட்டனார் சொல்லியதைச் சொல்லியவாறே எழுதுக. கல்லும் செப்பேடும் கணக்கோலையும் கூறுவதைத் தனியே எழுதுக. இரண்டும் ஒத்துவரும் இடம் வரலாறு. ஒவ்வாத இடத்தையும் மறையாது சொல்லுதல் முன்னோர்க்குச் செய்யும் மரியாதை.

ஒன்று மட்டும் காலம் தாழ்த்தற்குரியது அன்று. சுண்ணாம்புப் பூச்சினாலும், கல்லைத் தூய்மை செய்ய மணலை வீசியதனாலும் எழுத்து மறைந்த சுவர்கள் தமிழ்நாட்டில் பல. திருப்பணி செய்யும் கையே முன்னைத் திருப்பணியாளர் பெயரை அழித்தல் தகுமோ? எனவே, பணி தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்தலையும் திருப்பணியின் ஓர் உறுப்பாகவே கொள்ளுதல் வேண்டும். இன்று கொடையளிக்கும் அன்பர்களும் நாளைய தலைமுறைக்கு முன்னோரே அன்றோ! அவர்தம் பெயரும் பணியும் வழிவழியாக நிலைபெற அம்மையப்பர் திருவருள் துணைநிற்பதாக.