திருக்கோயிற் சுதையும் திருத்தொண்டர் வரலாறும்

சுதை என்னும் சொல் அமுதத்திற்கும் சுண்ணச்சாந்திற்கும் பொதுவாய் வழங்குவதாகும். உண்டாரை அழியாது காப்பது அமுதமென்பர். கல்லின்மேற் பூசப்பெற்றுத் தன்மேல் எழுதியனவற்றைப் பன்னூறாண்டு அழியாது காத்தமையின் சுண்ணச்சாந்தும் அப்பெயர்க்கு உரியதே. ஏட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுக்களையும் நுணுகி ஆராயும் சைவ நன்மக்கள் கோயிற் சுவரின்மேலுள்ள இப்பூச்சினை ஒரு சான்றாகக் கருதுதல் அரிதாக உளது. அங்ஙனம் கருதாமையால் நேர்ந்த இழப்பும், இனி நேரக்கூடிய இழப்பும் சிறியன அல்ல.

பழைய கோயில்கள் செங்கல், மரம், உலோகம், சுதை என்னும் நான்கானும் ஆக்கப்பெற்றன. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் அயன், அரன், அரி என்னும் மூவர்க்கும் அமைத்த குடைவரைக் கோயிற் கல்வெட்டு, இந்நான்குமின்றி ஆக்கப்பெற்றது இக்கோயில் என்று கூறுதலே அதற்குச் சான்றாம். கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய அக்கூற்றைக் கண்டு, கற்றளி தோன்றியபின் சுதை கோயிலை விட்டு நீங்கிற்றென்று கொள்ளுதல் பொருந்தாது. இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிற் சுற்றாலையை ஒட்டி நிரல்பட நிற்கும் சிறு கோயில்களின் உட்சுவர்களிற் சுதை பூசி ஓவியம் எழுதப்பெற்றிருந்தது. அவற்றின் எச்சங்கள் 1931இல் அறிஞர் ழூவோ துப்ராய் அவர்களால் வெளிப்படுத்தப்பெற்றன. பனைமலையிலும் திருமலைப்புரத்துக் குடைவரைச் சிவாலயத்திலும், சமணர்தம் சித்தன்னவாசலிலும் இதுபோன்ற பூச்சும் ஓவியமும் உண்டு. கல் கோயிலுக்கு உடம்பாயிற்று; சுதை அதன் தோலாக நின்றது.

இனி, அப்பூச்சு ஆக்கப்பெறும் முறையினை நோக்குவோம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையிட்டுச் சுட்டு, நீர் வார்த்து நீற்றி, அரித்துத் தொட்டியில் நெடுநாள் ஊறவிடுவர். நாட்பட நாட்பட அது வெண்ணெய்போற் குழைவு பெறும். பின்னர் மணல் கூட்டி அரைத்துக் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கொத்தர் வழக்கு. சங்குச் சுண்ணத்தொடு பயற்று நீரும் வெல்ல நீரும் கூட்டும் முறையைச் சிற்பரத்தினம் என்னும் வடநூல் விரிக்கும். பூசிய சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடைகின்றது. அம்மாற்றம் மேற்புறத்தினின்று உள்நோக்கி மெல்ல நிகழ்வதாகலின், ஒரே முறையிற் கனமாகப் பூசின் உட்புறம் இளகியே நிற்கும், வெடிப்பும் தோன்றும். ஆதலின் பருஞ்சாந்து கீழும் நுண்சாந்து மேலுமாக மெல்லிய படைகளாய்ப் பூசுதலே முறை.

சமமான சுவரிற் பூசுதலினும் வளைந்த சுவரிலும் விதானத்திலும் பூசுதல் பன்மடங்கு அரிது. கருங்கல் நீரை உறிஞ்சாது. எனவே கல்லின் முகத்தைப் பொளிந்து சொரசொரப்பாக்கினாலன்றிச் சாந்து பற்றாது. நேரிய மட்டப்பலகை நேரிய சுவர்க்கே உதவும். வளைவின்மேல் அதனை இழுத்தால் மேடு தேயும், பள்ளம் நிரம்பும், வளைவே கெடும். அதனால் தூக்குநூல் பிடித்து இடையிடையே சாந்தாற் புள்ளிகள் வைத்து, அப்புள்ளிகளை வளைவிற்கேற்ப வெட்டிய பலகைகொண்டு வரிகளாக இணைத்து, வரிகளின் இடைவெளியைப் பின்னர் நிரப்புவர். தலைக்குமேல் நிற்கும் விதானத்தில் சாந்து தன் எடையாலேயே கழன்று விழுமாதலின், சிறிது சிறிதாக எடுத்துக் கரணையால் அழுத்தி ஒற்றுதல் வேண்டும். ஒருநாட் பூச்சும் மறுநாட் பூச்சும் பொருந்தும் வரம்பு வளைவின் நடுவே அமையாது, மூலையிலோ விளிம்பிலோ மறையுமாறு திட்டமிடுதல் வேண்டும். பூசி முடிந்ததும் விளக்கைச் சுவரின் பக்கலிற் சாய்த்துப் பிடித்தால், பகலொளியில் தோன்றாத மேடு பள்ளமெல்லாம் நிழலாய் வெளிப்படும். விரலால் தட்டும்போது எழும் ஓசை கொண்டு பூச்சு கல்லைப் பற்றியதோ, உள்ளே பொள்ளலாய் நிற்கின்றதோ என்பதையும் அறிவர். இவை கொத்தர் தம் மரபிற் கைவழியாக வந்த இலக்கணங்கள்.

ஈரம் புலராத சுதையின்மேல் எழுதிய வண்ணம், சுண்ணம் கல்லாக மாறுங்கால் அதனுள்ளே பிணிப்புண்டு அதனோடு ஒன்றாகி நிற்கும். புலர்ந்தபின் எழுதிய வண்ணமோ பசையின் துணையாலேயே ஒட்டி நிற்பது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்த உண்மைக்கு இஃதோர் எளிய உவமையாகக் கொள்ளத்தகும். பக்குவம் நோக்கிய காலத்திற் சார்ந்தது நிலைக்கும். பக்குவம் கடந்தபின் சார்ந்தது உதிரும்.

இம்மரபின் சிறப்பை ஒருங்கே காணத்தகும் இடம் தஞ்சை இராசராசேச்சரம். இராசராச சோழன் கி.பி. 1010இல் முடித்த அவ்விமானத்தின் கருவறையைச் சூழ, இரு பெருஞ்சுவர்களினிடையே ஒடுங்கிய உட்சுற்று ஒன்று உளது. மேலே செல்லச்செல்ல அவ்விரு சுவர்களும் வரிவரியாக உள்நோக்கி நீண்டு ஒன்றையொன்று நெருங்கிக் கூடுகின்றன. ஒளி குறைந்தும் உயர்ந்தும் இடுகியும் நிற்கும் அவ்விடத்திற் சாரம் கட்டி நின்று சோழநாட்டுக் கொத்தர் கருங்கற் சுவரின்மேற் சுதை பூசினர். அதன்மேல் ஓவியர் எழுதினர். தென்முகக் கடவுளும், தில்லைக் கூத்தனும், முப்புரம் எரித்த பெருமானும், ஆலாலசுந்தரர் வரலாறும் ஆண்டுக் காட்சியளிக்கின்றன. சென்னை அரசினர் அருங்காட்சியகத்தைச் சார்ந்த வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் 1930களில் இப்பூச்சினை ஆராய்ந்து, பருஞ்சாந்தும் நுண்சாந்துமாகிய இருபடைகளையும் எடுத்துக்காட்டினார். ஈரச்சுதையின்மேல் எழுதப்பெற்றன இவை என்பது அவர் துணிபு.

அவ்வோவியங்களுட் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாறு சைவ இலக்கிய ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. மணவினை நிகழுமிடத்து முதிய அந்தணர் வந்து தடுத்தலும், அவர் ஓலை காட்டி வழக்கிடுதலும், அவையத்தார் கூடியிருத்தலும், அனைவரும் திருக்கோயிலை நோக்கி விரைதலும் ஆண்டு எழுதப்பெற்றுள. மேலே வெள்ளானையில் நம்பியாரூரரும் குதிரையிற் சேரமான் பெருமாளும் திருக்கயிலை ஏகும் காட்சி விளங்குகின்றது. இராசராசன் ஆண்டது கி.பி. 985 முதல் 1014 வரை. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளியது அநபாயனாகிய இரண்டாம் குலோத்துங்கன் காலத்து. அவன் அரியணை ஏறியது கி.பி. 1133இல். ஆகவே இவ்வோவியம் பெரியபுராணத்திற்கு நூறாண்டினும் மிக முற்பட்டது. தடுத்தாட்கொண்ட வரலாற்றின் விரிவு சேக்கிழார் தாமே புனைந்தது என்று எவரேனும் கூறுவராயின், அவர்க்கு ஏட்டினின்று விடை தேட வேண்டுவதில்லை. தஞ்சைச் சுவரே விடை கூறும். நாட்டில் வழங்கி அரசன் கோயிலில் எழுதப்பெறும் அளவிற்கு நிலைபெற்றிருந்த வரலாற்றையே சேக்கிழார் காப்பியமாக்கினார் என்பது இதனாற் பெறப்படும். இத்துணைப் பெரிய சான்று நிற்பது ஒரு மெல்லிய சுண்ணப் படையின்மேல் என்பதை மறத்தலாகாது.

இச்சான்று நமக்குக் கிடைத்த வகையும் ஓர்தற்குரியது. தஞ்சை நாயக்கர் காலத்தில் சோழர் ஓவியத்தின்மேற் புதிய சுதை பூசப்பெற்றுப் புதிய ஓவியங்கள் எழுதப்பெற்றன. கீழே ஓர் ஓவியம் உண்டென்பதே பின்னர் மறக்கப்பட்டது. மேற்படை சிற்சில இடங்களிற் கழன்று வீழ, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அடியிலிருந்த சோழர் ஓவியத்தைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். அதன்பின் தொல்லியல் துறையினர் நாயக்கர் படையினைச் சிதையாது பிரித்தெடுத்து வேறு தளத்தில் ஒட்டி, இரண்டனையும் காக்கும் முறையினை மேற்கொண்டனர். மூடிய பூச்சு ஒருவகையில் தீங்கு. மற்றொருவகையில் அதுவே விளக்குப் புகையினின்றும் மக்கள் கைபடுதலினின்றும் அடியிலுள்ளதனைக் காத்த உறையுமாயிற்று. பழைய சுவடியின்மேல் எழுதிய புதிய எழுத்தைப்போல இரு காலத்துச் சான்றும் ஒரு சுவரிலே அமைந்தன. மேற்படையைக் கண்டவுடன் கொத்தி எறிந்திருப்பின் நாயக்கர் சான்று போயிருக்கும். பழையதென்று முழுதும் சுரண்டிப் புதுப்பித்திருப்பின் இரண்டும் போயிருக்கும்.

சுந்தரர் வரலாற்றோடு இயைந்த மற்றோரிடம் திருவாரூர்த் தேவாசிரியன் மண்டபம். திருத்தொண்டத்தொகை தோன்றுதற்குக் காரணமான அடியார் திருக்கூட்டம் எழுந்தருளியிருந்த இடமென அதனைப் பெரியபுராணம் போற்றும். அம்மண்டபத்தின் விதானத்தில், தியாகேசப் பெருமானை முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து பெற்றுக்கொணர்ந்த வரலாறு வரிசை வரிசையாக எழுதப்பெற்றுள்ளது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியன அவை எனக் கொள்வர். ஓவியன் சிங்காதனம் என்பான் பெயரும், காட்சிகளை விளக்கும் தமிழ்த் தொடர்களும் உடனெழுதப்பெற்றுள. ஆகவே அவ்விதானம் ஓவியமாதலோடு ஒரு தமிழ்ச் சுவடியுமாம். சுவரிற் பூச்சு தளர்ந்தால் சிலகாலம் சாய்ந்தேனும் நிற்கும். விதானத்திற் பூச்சு கல்லைவிட்டு நெகிழ்ந்தால் வீழ்தலன்றி வேறு நிலை அதற்கில்லை. கூரையிலிருந்து மழைநீர் கசியின் அந்த நெகிழ்ச்சி விரைவிற் கூடும். மேற்றளத்தைக் காவாது ஓவியத்தைக் காத்தல் இயலாதென்பது இதனாற் புலனாம்.

இக்காலத்துத் திருப்பணி செய்வார் கருத வேண்டுவன சில உள. சுண்ணத்தின் இடத்தில் சிமெண்டு பூசுதல் விரைவும் எளிமையும் உடையதாகத் தோன்றும். ஆனால் அது சுவரின் ஈரம் வெளிப்படும் வழியை அடைத்துவிடும். அதினின்று கரையும் உப்பு அருகிலுள்ள பழைய சுதையிற் பூத்து வண்ணத்தை உதிர்க்கும். பின்னொருநாள் அதனை நீக்கப் புகுந்தால், கடினமான அது மெல்லிய பழம்பூச்சையும் பற்றிக்கொண்டே பெயரும். குடமுழுக்கினை முன்னிட்டு உட்சுவர் முழுதும் வெள்ளையடித்தலும், பழையதென்று அனைத்தையும் சுரண்டுதலும் அத்தகைய தீங்குகளே. எந்தப் பூச்சையும் அகற்றுமுன் சாய்ந்த ஒளியில் நோக்குக, தட்டி ஓசை கேட்க, உடைந்த விளிம்பில் எத்துணைப் படை உள, யாதேனும் வண்ணம் தோன்றுகின்றதா என்று காண்க, நிழற்படம் எடுத்து வைக்க, துறையறிந்தாரை அழைக்க. புதிதாகப் பூச வேண்டிய இடத்தில் நாட்பட ஊறிய சுண்ணமே கொள்க. இவற்றிற்கு ஆகும் பொருளினும் காலமும் பொறுமையுமே மிகுதியாக வேண்டப்படுவன.

செல்லரித்த ஓலையை எறிந்துவிட்டுப் புதிய ஓலையில் மனம்போனவாறு எழுதுவாரை எவரும் பதிப்பாசிரியர் என்று கூறார். சிதைந்த எழுத்தையும் சிதைந்தவாறே காட்டிப் பிரதிகளை ஒப்புநோக்கிக் காப்பவரே அப்பெயர்க்கு உரியர். திருக்கோயிற் சுவரைத் திருத்தும் கொத்தரும் அவரை ஏவும் அறங்காவலரும் அத்தகைய பொறுப்புடையரே. நம்பியாரூரரை ஆட்கொள்ள இறைவன் காட்டியது ஓர் ஓலை. அவ்வரலாற்றைச் சேக்கிழார்க்கும் முன்னே எழுதிவைத்த ஓலை தஞ்சைச் சுதை. அதனைக் காத்தல் அடியார் பணியாம்.