கண்ணாடி வைப்பர்: வரலாறும் பயன்பாடும்

கண்ணாடி வைப்பர் என்பது கைப்பிடி, உலோகச் சட்டம், ரப்பர் விளிம்பு ஆகிய மூன்று பகுதிகளைக் கொண்ட எளிய துப்புரவுக் கருவியாகும். நனைத்த கண்ணாடியின் மேலுள்ள நீரையும் அதில் கலந்த அழுக்கையும் ஒரே இழுப்பில் வழித்தெடுக்க இது பயன்படுகிறது. ஆங்கிலத்தில் இதன் பெயர் 'ஸ்குவீஜி'. தமிழ்நாட்டில் வைப்பர் என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும். அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசி போன்ற ஊர்களில் திரை அச்சு செய்வோர், மையை வலைத்துணி வழியாக அழுத்தி இழுக்கும் ரப்பர் கட்டையை ஸ்குவீஜி என்பர். வேலை வேறு என்றாலும் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கருவிகளே.

கண்ணாடி இல்லாத சாளரங்கள்

இக்கருவியின் வரலாறு கண்ணாடிச் சன்னலின் வரலாற்றோடு பிணைந்தது. தமிழகத்தின் பழைய கட்டடங்களில் சாளரம் உண்டு, கண்ணாடி இல்லை. சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' என்ற சொல்லுக்குக் காற்று வரும் வழி என்று பொருள் (கால் - காற்று; அதர் - வழி). 'பலகணி' என்பது பல கண்களை உடையது. இன்று பேச்சில் வழங்கும் 'சன்னல்' போர்த்துக்கீசியச் சொல்லான 'ஜனேலா'விலிருந்து வந்தது. பழைய சொற்கள் காற்றையும் துளையையும் குறித்தனவே தவிர, கண்ணாடியைக் குறிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டியுள்ள மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் உள்ளது. திருமலை நாயக்கர் (ஆட்சி: 1623-1659) தம் வயிற்றுநோய் தீர இங்கு வழிபட்டார் என்பது தலவரலாறு. இதுபோன்ற கற்கோயில்களில் வெளிச்சமும் காற்றும் வாயில்கள், திறந்த மண்டபங்கள், கல்லில் குடைந்த துளைச் சாளரங்கள் ஆகியவற்றின் வழியே வந்தன. ஓட்டு வீடுகளிலோ மரக்கதவும் இரும்புக் கம்பியும் கொண்ட சன்னல்கள் இருந்தன. இவற்றைத் துப்புரவு செய்யத் துடைப்பமும் ஈரத்துணியும் போதும்.

பெரும்பாலான தமிழ் வீடுகளில் நாள்தோறும் துடைக்க வேண்டியிருந்த முதல் கண்ணாடி சன்னலில் இல்லை, விளக்கில் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியில் படியும் கரியை, மாலையில் விளக்கேற்றுவதற்கு முன் சாம்பலோ திருநீறோ தொட்டுத் துணியால் துடைப்பது வழக்கம். சாம்பலின் நுண்துகள் கரியை உரசி எடுத்தது; அதன் காரத்தன்மை எண்ணெய்ப் பிசுக்கை அகற்றியது. பிற்காலத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் சன்னல் கண்ணாடிக்கும் நனைத்த செய்தித்தாள் வந்தது.

கருவி உருவான விதம்

இங்கிலாந்தில் கண்ணாடிக்கான வரி 1845-இலும், சன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து விதிக்கப்பட்ட வரி 1851-இலும் நீக்கப்பட்டன. அதே 1851-இல் லண்டனில் எழுந்த பளிங்கு மாளிகையில் ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் தகடுகள் பொருத்தப்பட்டன. கண்ணாடி பெருகியதும் அதைத் துடைப்பது தனித் தொழிலாயிற்று. வாளி, துணி, பதனிட்ட மென்தோல், ஏணி ஆகியவையே அக்காலத் துப்புரவாளரின் கருவிகள்.

வழித்தெடுக்கும் கருவி கப்பலிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் கப்பல் தளத்தைக் கழுவியபின் நீரைத் தள்ளுவதற்கு நீண்ட கைப்பிடி கொண்ட கட்டையைப் பயன்படுத்தினர். ஆனால் கண்ணாடிக்கு மரவிளிம்பு ஒத்துவராது. வளைந்துகொடுக்கும் விளிம்பு தேவை. பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றபின் இத்தடை நீங்கியது.

அமெரிக்காவில் வானளாவிய கட்டடங்கள் எழுந்த காலத்தில் 'சிகாகோ ஸ்குவீஜி' புழக்கத்தில் இருந்தது. கனமான அக்கருவியில் இரண்டு தடித்த ரப்பர் பட்டைகள் இருந்தன. அவற்றை மாற்ற 12 திருகுகளைக் கழற்ற வேண்டும். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்ற சன்னல் துப்புரவாளர், எடை குறைந்த பித்தளைச் சட்டத்தில் கூர்மையான ஒற்றை ரப்பர் விளிம்பைப் பொருத்தினார். அதற்கு 1936-இல் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் கிடைக்கும் வைப்பர்கள் பெரும்பாலும் அவர் வகுத்த வடிவத்தையே பின்பற்றுகின்றன. நாள்தோறும் அக்கருவியைப் பிடித்து உழைத்த ஒருவரே அதைத் திருத்தினார் என்பது கவனிக்கத்தக்கது.

தமிழகத்தில் கண்ணாடியின் வருகை

எட்டோரே காப்புரிமை பெற்ற அதே 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நூற்பாலைத் தொழிலுக்கும் கண்ணாடிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மின்விளக்கு அரிதாக இருந்த காலத்தில் உலகெங்கும் நூற்பாலைகளின் கூரையை வாள்பல் போல மடித்துக் கட்டி, நிமிர்ந்த பக்கத்தில் கண்ணாடி பதித்தனர். பூமியின் வடபாதியில் அப்பக்கம் வடக்கு நோக்கி இருக்கும். கடும் வெயில் படாமல் சீரான வெளிச்சம் கிடைக்கும். ஆனால் பறக்கும் பஞ்சுத்துகள் கண்ணாடியில் படிந்தால் வெளிச்சம் குறையும். அறுந்த இழையைக் கண்டு முடிச்சிடும் தொழிலாளிக்கு வெளிச்சம் குறைவது வேலை கெடுவதாகும். அங்கே கண்ணாடித் துப்புரவு அழகுக்கானது அல்ல, உற்பத்தியின் ஒரு பகுதி.

சென்னையில் எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது; ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலையும் அவ்வாண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் கண்ணாடி முகப்பு சிறு நகரங்களுக்கும் பரவியது. மதுரை-கொல்லம் நெடுஞ்சாலை செல்லும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் சாலைப்புழுதி கடைக்கண்ணாடியில் படிகிறது. புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை விற்கும் கடைகளில் கண்ணாடிப் பெட்டிகள் மீது நெய்ப்பிசுக்கும் விரல் தடமும் விழுகின்றன. புழுதியும் பிசுக்கும் வெவ்வேறு அழுக்குகள். முன்னது நீரில் போய்விடும். பின்னதற்குச் சோப்பு வேண்டும்.

வழித்தலும் துடைத்தலும்

ஆட்டுக்கல்லில் அரைத்த மாவை எடுக்கும்போது யாரும் 'துடைத்தோம்' என்று சொல்வதில்லை, 'வழித்தோம்' என்பர். வைப்பரின் தத்துவம் இந்த ஒரு சொல்லில் அடங்கும். துணியால் துடைக்கும்போது அழுக்கின் ஒரு பகுதி துணியில் ஏறுகிறது. மீதி கண்ணாடியிலேயே இழுபட்டுக் கோடாகக் காய்கிறது. உலர்ந்த மணல்துகளை அப்படியே தேய்த்தால் கண்ணாடியில் கீறலும் விழும். வைப்பர் முறையில் அழுக்கை முதலில் நீரில் மிதக்கவிட்டு, பிறகு நீரோடு சேர்த்து வழித்துவிடுகிறோம்.

செய்முறை பின்வருமாறு:

1. வெயில் நேராக விழாத நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூடான கண்ணாடியில் வழிப்பதற்கு முன்பே நீர் காய்ந்து திட்டாகிவிடும்.
2. சட்டத்திலும் மூலையிலும் உள்ள தூசியை முதலில் தட்டிவிட வேண்டும்.
3. ஒரு வாளி நீரில் சில துளி பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு போதும். அதிகமானால் நுரை நின்று கோடு விழும்.
4. பஞ்சாலோ துணியாலோ கண்ணாடி முழுவதையும் நனைத்துத் தேய்க்க வேண்டும்.
5. மேல் விளிம்பில் ஒரு விரல் அகலத்திற்கு உலர்த்திக்கொண்டு, வைப்பரை அங்கே வைத்துச் சாய்வாக, ஒரே அழுத்தத்தில் கீழே இழுக்க வேண்டும். ஈரத்தில் தொடங்கினால் நீர் ஒழுகும்.
6. ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் ரப்பரைத் துணியில் ஒற்ற வேண்டும். அடுத்த இழுப்பு முந்தையதன் மேல் சிறிது படிய வேண்டும்.
7. ஓரங்களில் தேங்கும் நீரை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

ரப்பர் விளிம்பு மழுங்கினாலோ சிறு வெட்டு விழுந்தாலோ கோடு விடும். பட்டையைத் திருப்பிப் பொருத்தி மறு விளிம்பைப் பயன்படுத்தலாம். அதுவும் தேய்ந்தால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும்.

உப்பு நீரின் சிக்கல்

ஆழ்துளைக் கிணற்று நீரில் பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். அந்நீர் கண்ணாடியில் காயும்போது வெண்திட்டு விடுகிறது. நாள்பட்டால் அதை எடுப்பது கடினம். நீர் காய்வதற்குள் வழித்துவிடுவதால் வைப்பர் இத்திட்டைத் தடுக்கிறது. படிந்துவிட்ட புதுத் திட்டுக்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் கலந்த நீர் உதவும். பெரிய கட்டடங்களில் உப்பு நீக்கிய தூய நீரை நீண்ட குழாய்த் தூரிகை வழியே பாய்ச்சும் முறையும் வந்துள்ளது. அந்நீர் காய்ந்தாலும் தடம் விடாது; தரையில் நின்றபடியே சில மாடி உயரம் வரை கழுவலாம்.

உயரத்தில் உழைப்போர்

2010-இல் திறக்கப்பட்ட துபாயின் புர்ஜ் கலீஃபாவின் உயரம் 828 மீட்டர். சன்னல்கள் 24,000-க்கும் மேல். அவற்றை ஒருமுறை முழுவதும் துடைத்து முடிக்க மூன்று மாதங்களுக்கு மேலாகும். அங்கும் சென்னையின் கண்ணாடிக் கோபுரங்களிலும் மனிதரே கயிற்றிலோ தொங்குமேடையிலோ இறங்கி இவ்வேலையைச் செய்கின்றனர்.

இத்தொழிலில் உயிர்காக்கும் விதி எளிமையானது: வேலைக்கு ஒரு கயிறு, காப்புக்குத் தனி இடத்தில் கட்டிய இன்னொரு கயிறு, உடல் முழுவதையும் பிணைக்கும் வார்ப்பட்டை. ஒரு கயிறு அறுந்தால் மற்றது தாங்கும். பலத்த காற்றிலும் மழையிலும் இறங்கக் கூடாது. கருவியைக்கூடக் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். கைதவறினால் கீழே நடப்பவர் தலையில் விழும்.

சிறு நகரங்களில் மூன்று, நான்கு மாடிக் கடைகளுக்கு இவ்விதிகள் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சன்னல் விளிம்பில் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் துடைப்போரைப் பல ஊர்களில் காணலாம். ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தாலும் உயிர் போகும். துடைப்பவர் எங்கே நிற்பார், கயிற்றை எதில் கட்டுவார் என்ற கேள்விகளுக்குக் கட்டட வரைபடம் போடும்போதே விடை காண வேண்டும். உள்பக்கமாகத் திறக்கும் சன்னல், நீண்ட கைப்பிடி வைப்பர், மொட்டைமாடியில் கயிறு கட்டுவதற்கான உறுதியான கொக்கி ஆகியவை கட்டும்போது சிறு செலவே. பின்னால் சேர்ப்பது கடினம். சேர்க்காமல் விட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் கட்டட உரிமையாளர் அல்லர், கண்ணாடியைத் துடைப்பவரே.