பனிச்சங்கேணிப் பாலமும் தாதியர் சட்டமும்

இலங்கையில் தாதியரின் பதிவு முதலில் 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழேயே இருந்தது. மருத்துவர், மருந்தாளர், மருத்துவமாது ஆகியோருக்கும் அதுவே சட்டம். தாதியருக்கெனத் தனிப் பேரவையை ஏற்படுத்தியது 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். 2005இல் அது திருத்தப்பட்டது. பதிவு பெற்றவரே தாதியாகப் பணிபுரியலாம் என்பது அதன் சாரம். நோயாளியைக் காக்கும் விதி அது.

மட்டக்களப்பிலிருந்து வடக்கே, பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்தால் வாகரை. 2006இன் இறுதியில் போர் சூழ்ந்தபோது, இடம்பெயர்ந்த மக்கள் அங்குள்ள வைத்தியசாலையிலும் தஞ்சமடைந்தனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமானது.

அந்நாள்களை எண்ணும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: தகுதியற்ற கையைச் சட்டம் தடுக்கும், தகுதியுள்ள கையைப் பாலத்துக்கு அப்பால் கொண்டுசேர்க்க நியமனமும் வீதியும் அமைதியும் வேண்டும்.